சம்பந்திக்குக் கொடுத்த ஐந்து ரூபாய் நோட்டு

தம்பி,

அடுத்த வாரம் எஸ்தர் உன்னோடு குடித்தனம் நடத்தப் புனேக்குக் கிளம்புகிறாள். அவள் பெட்டியில் உன் ஸ்வெட்டருக்கும் எலுமிச்சை ஊறுகாய்க்கும் நடுவில் இந்தக் கடிதமும் வரும். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ "என்னம்மா, சாப்டியா" என்று கேட்டதும் சாப்பிட்ட கதையைச் சொல்லி வைத்துவிட்டேன். பாங்கில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்து முப்பது வருடம் சத்தம் போட்டே பிழைத்தவளுக்கு இந்த விஷயத்தைச் சொல்லக் குரல் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இந்த மூன்று மாதமாக இங்கே நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று எஸ்தரிடமும் உன் அப்பாவிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள்.

"கம்பெனில மாத்திட்டாங்கம்மா, என்ன பண்ண" என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் மேலதிகாரியை எவ்வளவு திட்டியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். சர்ச்சில் அந்த மனுஷனுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று ஜெபக் குறிப்பே எழுதிக் கொடுத்தேன். அந்த மாறுதலை நீயே கேட்டு வாங்கியிருக்கிறாய் என்று இப்போது தெரியும். எனக்குக் கோபம் இல்லை. இந்த ஒரு வரியை மட்டும் முதலில் நம்பிவிட்டு மேலே படி. எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஐந்து ரூபாய் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் பாதிக் கதை எனக்கு முன்பே உனக்குத் தெரியும். மீதிப் பாதி உனக்குத் தெரியாது.

உன் நிச்சயதார்த்தத்தன்று சர்ச் ஹாலில் நான் மைக்கைப் பிடித்தது ஞாபகம் இருக்கும். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஐந்து ரூபாய் நோட்டைச் சம்பந்தி கையில் கொடுத்து, "இம்புட்டுச் சுத்தமான நோட்டு மதுரை ஜில்லாவுலயே இருக்காது, என் விரல் பொய் சொல்லாது" என்றேன். எஸ்தரின் அப்பாவும் பழைய நோட்டு சேர்க்கிறவர், நம் நோட்டு, நாணயச் சங்கத்திலேயே உறுப்பினர், அதனால்தான் இந்தச் சம்பந்தமே பேசி வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர், நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர், அன்றைக்குக் கண் கலங்கி அதை வாங்கிக்கொண்டார். சென்னையில் ஒரு கண்காட்சியில் நான் ஆசைப்பட்டு வாங்கிய நோட்டு அது. நிச்சயத்துக்கு முந்தின நாள் லேசாக ஒரு மடிப்பு தெரிகிறதே என்று வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தேன். நீ அப்போது வேட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். அடுத்தது உன் வேட்டிதான்.

இதெல்லாம் பழசு. நீ புனேக்குப் போன மறுமாதம் நடந்த சங்கக் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். செயலாளர் எழுந்து, இந்த முறை எல்லோருடைய நோட்டுகளையும் நாணயங்களையும் சேர்த்து மும்பையில் தரம் பார்த்துக் கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக அனுப்பலாமா என்று கேட்டார். அவர்கள் அசலா போலியா என்று பார்ப்பார்கள், மடிப்பு, கறை, துளை, ஒட்டு எல்லாம் பார்ப்பார்கள், எழுபதுக்கு இவ்வளவு என்று ஒரு எண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அனுப்புவார்கள். உனக்கு இது தெரியும், நீயே என்னிடம் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாய். நான் எழுந்தேன். "முகம் தெரியாத ஒருத்தன் மார்க்கு போட்டாத்தான் நம்ம நோட்டுக்கு மரியாதையா? கையில தொட்டுப் பாக்க முடியாம உறைக்குள்ள அடைச்சு வச்சா அது நோட்டா, மியூசியமா? நான் தொட்டுச் சொன்னது எதாவது இதுவரைக்கும் தப்பாப் போயிருக்கா?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதியை நான் ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க சம்பந்திகிட்ட இருக்கே அந்த அஞ்சு ரூபா, அதுக்கு எவன் வந்து மார்க்கு போடணும்?" என்றும் கேட்டேன்.

செயலாளர் வெள்ளந்தியான ஆள். "அம்மா, அதத்தான் சார் போன வருசமே அனுப்பிட்டாரே, திரும்பி வந்த பார்சல் என் கடை அட்ரஸுக்குத்தானே வந்துச்சு. என்ன மார்க்கு சார் வந்துச்சு?" என்றார். எல்லோரும் சம்பந்தி பக்கம் திரும்பினார்கள். அவர் மெதுவாக எழுந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டு, "அறுபத்தஞ்சு" என்றார். ஹாலில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எதிராகப் பேசிய வாயாலேயே, "பாத்தீங்களா, அவனுகளே ஒத்துக்கிட்டானுக" என்றேன். வீட்டுக்கு வந்த கையோடு சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், சர்ச் குழுவில் போட்டேன், பழைய பாங்க் சிநேகிதிகள் குழுவிலும் போட்டேன். படம் போடுங்க என்று எல்லோரும் கேட்டார்கள். சம்பந்தியிடம் கேட்டால் சாவி எங்கோ வைத்துவிட்டேன் என்றார். பிறகு போனில் கேமரா சரியில்லை என்றார். ஒரு சனிக்கிழமை பெரியார் பஸ் நிலையத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, நானே படம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் அவனியாபுரத்துக்குப் போய் இறங்கினேன்.

எஸ்தரும் அங்கேதான் இருந்தாள், அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை விட்டதால் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாள். காபி கொடுத்தார்கள். நான் போனைக் கையில் பிடித்தபடி, "எடுங்கண்ணே, ரெண்டே படம், வெளிச்சம் போறதுக்குள்ள" என்றேன். அவர் பீரோவைத் திறந்தார், மூடினார், சட்டைப்பையைத் தடவினார். உடம்பு சரியில்லையோ என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போது எஸ்தர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தே, அது நல்லா வரல" என்றாள்.

"என்ன வரல?"

"நோட்டு. அப்பா சொன்னது பொய். எங்க கல்யாண நாளுக்கு பிரேம் போட்டுக் கொடுக்கணும்னு அனுப்புனாங்க. எண்ணே போடல அத்தே. ஒட்டு வேலை செஞ்சதுன்னு எழுதி வந்துச்சு."

அவள் தன் அப்பாவின் கையிலிருந்து சாவியை வாங்கி, அலமாரிக்குள் சட்டைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். அசல் நோட்டுத்தான். ஆனால் கம்பி குத்திய துளைகளைப் பசையும் காகிதக் கூழும் வைத்து அடைத்திருக்கிறார்கள், வலது மேல் மூலை வேறு காகிதத்தில் செய்து சேர்த்தது, சூடு வைத்து அழுத்தியதால் காகிதத்தின் இயல்பான மேடு பள்ளம் போய்விட்டது என்று சீட்டில் இருந்தது. நான் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "இவனுகளுக்கு என்ன தெரியும்" என்றேன். பிறகு ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, உடனே தெரிந்தது. மூலையில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் காகிதம் வேறு நிறம். பாங்கில் நோட்டுக் கட்டுக்குக் கம்பி அடித்து அடித்து என் கட்டைவிரலே காய்த்துப்போயிருக்கிறது, பழைய நோட்டு என்றால் துளை இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? துளையே இல்லாத நோட்டு கிடைத்தபோது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன். அந்தச் சூடு வைத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

"அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்கதான் சொல்ல வேண்டாம்னாங்க. அம்மா தாங்க மாட்டாங்கன்னாங்க" என்றாள். உன் அப்பாவுக்கு என்று கேட்டேன், மாமாவுக்கும் தெரியும் என்றாள். சம்பந்திக்கு என்னைச் சமாதானம் செய்ய வேண்டும், பாவம், அவருக்குச் சமாதானம் பேசியே பழக்கமில்லை. "நான் அன்னைக்கே மாப்ளகிட்ட சொன்னேன் சம்பந்தியம்மா, இதையும் மறைக்காதீங்க, மாறுதல் கேட்டு வாங்குனதையும் மறைக்காதீங்க, பெத்தவகிட்ட என்னத்துக்கு..." என்றவர் எஸ்தரின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

எழுந்து, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் என் எதிரே ஒரு பெண் மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள், அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள், நான் அழுகிறேன் என்று அப்புறம்தான் எனக்கே தெரிந்தது. நோட்டு போனதற்கு அழவில்லை தம்பி. நீ எட்டாவது படிக்கும்போது கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கி, சான்றிதழை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாய். நான் வாங்கிப் பார்த்தேன். உன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. மறுநாள் காலையில் பாங்குக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியர் முன்னால் அதை வைத்துத் திருத்தி வாங்கிவந்தேன். எத்தனையாவது பரிசு என்று உன்னிடம் நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு நீ எந்தச் சான்றிதழையும் என்னிடம் கொண்டுவந்து காட்டியதில்லை. பையன் படிப்பில் கொஞ்சம் மந்தம் போல என்று நான் சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு வந்த உன் வாத்தியார் சொல்லித்தான் நீ மேடை மேடையாகப் பரிசு வாங்கியவன் என்று தெரிந்தது. அப்போதுகூட, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று உன்னைத்தான் கேட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உன் அப்பாவிடம், "உங்களுக்கும் தெரியுமாமே" என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "தெரியும்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீ அந்தக் கம்பெனிக்காரனோட சண்டைக்குப் போவ. அவன் பதில் போட மாட்டான். அந்தச் சண்டையையும் நான்தானே வாங்கணும்" என்றார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. என் வீட்டில், என் சம்பந்தி வீட்டில், நான் பெற்ற பிள்ளை உட்பட எல்லோரும் கூடிப் பேசி, இவளிடம் உண்மையைச் சொல்ல முடியாது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவு சரி என்பதுதான் எனக்கு வெட்கம். நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிற சம்பந்தியை, அத்தனை பேர் முன்னால் நான் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். அவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. என் முகம் வாடக் கூடாது என்பதற்காகச் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் நான் சொன்னால் அவர் பொய் சொன்னதும் வெளியே வரும். போன் செய்து கேட்டேன், "உங்க பேரு கெட்டுருமேண்ணே" என்றேன். "எனக்கும் அன்னையிலிருந்து ஜெபம் பண்ண முடியல. சொல்லுங்க சம்பந்தியம்மா, நானும் கூட வந்து நிக்கிறேன்" என்றார். அப்படியே நின்றார். நான் நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னேன். எண் எதுவும் வரவில்லை, மூலை ஒட்டு, துளை அடைப்பு, இஸ்திரி போட்டது நான்தான், என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவர், "அறுபத்தஞ்சுன்னு சொன்னது நான். மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பின்வரிசையில் திருவாதவூர்க்காரர் ஒருவர் எழுந்தார். விவசாயம் பார்க்கிறவர், கூட்டத்துக்குத் தவறாமல் பஸ் பிடித்து வருவார். "அப்ப எனக்கு நீங்க நல்ல நோட்டு, தைரியமா வாங்குங்கன்னு சொன்னீங்களே, அது?" என்று கேட்டார். அந்த நோட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்ததுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. எதைப் பார்த்து நல்லது என்று சொன்னேன் என்று ஞாபகமில்லை. "எனக்குத் தெரியாதுங்க. அனுப்பிப் பாருங்க, என்னோடதோட சேத்து" என்றேன். அந்தத் தெரியாது என்ற வார்த்தையை நான் அந்த ஹாலில் அதுவரை சொன்னதே இல்லை.

அனுப்பினோம். எல்லாவற்றையும் அனுப்ப வேண்டியதில்லை, சாதாரண நோட்டுக்குக் கட்டணமே நோட்டின் விலையைத் தாண்டிவிடும் என்று சம்பந்திதான் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார். நான் உயிராக வைத்திருந்தவற்றை மட்டும் எடுத்தேன். போன வாரம் பார்சல் வந்தது. அவர் வீட்டுக்கே போனேன், உன் அப்பாவும் வந்தார். "நீங்க பாக்குறீங்களா, நான் படிக்கவா?" என்று சம்பந்தி கேட்டார். "நீங்களே படிங்கண்ணே. ஒண்ணையும் முழுங்காமப் படிங்க" என்றேன். ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு நன்றாக வந்திருந்தன. ஒன்றுக்கு நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. நான் பாங்கில் சேர்ந்த புதிதில் வாங்கிய நூறு ரூபாய் நோட்டு, என் கலெக்ஷனிலேயே எனக்குப் பிடித்தது, அதை எடுத்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் காத்திருந்தேன். "தண்ணியில கழுவுனது, ஓரம் வெட்டுனது. எண் இல்ல" என்று படித்துவிட்டார். சரி என்றேன். நெஞ்சில் அடி விழுந்த மாதிரிதான் இருந்தது. அரை நிமிஷத்தில் எழுந்து போய்த் தேநீருக்குப் பால் வைத்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை தம்பி. நீங்கள் எல்லோரும் இத்தனை வருடம் பயந்தது இதற்குத்தான் என்றால், நான் முன்பே எழுந்து போய்ப் பால் வைத்திருக்கலாம்.

திருவாதவூர்க்காரருடையதும் கழுவிய நோட்டுத்தான். கூட்டத்தில் வாங்கிப் பார்த்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நாளைக்கு அவர் ஊருக்குப் போகிறேன். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை, அவர் வீட்டில் இருப்பாரா என்றும் தெரியவில்லை.

நீயும் ஒருநாள் எதையாவது சேர்ப்பாய், நோட்டாக இல்லாவிட்டால் வேறு எதையாவது. பிரியமாகச் சேர்க்கிற பொருளை நம் கண் சரியாகப் பார்க்காது. அந்த மும்பைக்காரனுக்கு நான் யார் என்று தெரியாது. கேஷியரம்மா கோபித்துக்கொள்வாள் என்று தெரியாது, நிச்சயதார்த்தத்தில் மைக் பிடித்துப் பேசியது தெரியாது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தான், இருந்ததை எழுதினான். ஒரு பொருளுக்கு அந்த மாதிரி ஆள் கட்டாயம் வேண்டும், வாங்குகிறவனுக்கும் வேண்டும், விற்கிறவனுக்கும் வேண்டும், பெருமையடிக்கிறவளுக்கு எல்லோரையும்விட அதிகமாக வேண்டும். ஆனால் வீட்டு விஷயத்தை மும்பைக்கு அனுப்ப முடியாது. அதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்ல முடியாதபடி நான் இருந்துவிட்டேன்.

புனேயில் நன்றாக இரு. என்னைவிட்டு விலகி இருக்க வேண்டும் என்று தோன்றியது தப்பில்லை, கேட்டு வாங்கியது சரிதான். எஸ்தர் அங்கே வந்த பிறகு நான் போன் செய்து வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "நல்லா இருக்கும்மா" என்று உடனே சொல்லிவிடாதே. தண்ணீர் வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல். நான் அனுப்பின ஊறுகாயில் உப்பு கரித்தால் கரிக்கிறது என்று சொல். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். போனை வைத்துவிடாதே, நான் அந்தப் பக்கம் இருப்பேன்.

அம்மா